பிட்கொயின்: கையொப்பமும் மறைத்திறவுகோற் காப்பும்

தமிழில் நாணயம் என்னுஞ் சொல் இருபொருள் தருவது. கடைத்தெருவிற் கைமாறும் காசும் நாணயம். சொன்ன சொற் பிறழாத நேர்மையும் நாணயம். இரண்டும் ஒரு சொல்லில் அடங்கினமை எண்ணிப் பார்க்கத்தக்கது. காசு செல்வது அதன் உலோகத்தினாலன்று. அதனை வெளியிட்ட அரசும், கணக்கு வைத்திருக்கும் வங்கியும் நாணயமாக நடக்கும் என்று மக்கள் கொண்ட நம்பிக்கையினாலேயாம். 2008ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள், சத்தோசி நகமோத்தோ என்ற புனைபெயரில் வெளிவந்த ஒன்பது பக்கக் கட்டுரையொன்று, அத்தகைய நேர்மையை எவரிடத்தும் எதிர்பாராத காசு ஒன்று செய்யலாகும் என்று காட்டப் புகுந்தது. பிட்கொயின் எனப்படும் அக்காசின் கணக்கேடு 2009 சனவரி 3ஆம் நாள் தொடங்கிற்று. வங்கி வேண்டா, முகாமையாளர் வேண்டா, சாட்சி வேண்டா என்று நீக்கியவிடத்து, அவர்கள் இதுகாறுஞ் சுமந்த பொறுப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்ற வினா எழுவது இயல்பு. அஃது ஓர் எண்ணிற் போய்ச் சேர்ந்தது. அவ்வெண்ணைக் கொண்டு ஒப்பமிடுமாறும், அதனைக் காக்குமாறும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஒரு பெயரைப் பற்றித் தெளிதல் வேண்டும். இக்காசினைக் கையாளும் மென்பொருளையும் கருவியையும் பணப்பை என வழங்குகின்றனர். பெயர் பொருந்துவதன்று. அப்பையினுட் பணம் யாதுமில்லை. பணம் இருப்பது, உலகெங்கணும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் படியெடுத்து வைத்திருக்கும் பொதுப் பேரேட்டிலேயாம். அப்பேரேட்டிலும் ஆட்பெயர் இல்லை. 'இத்துணைத் தொகை, இன்ன திறவுகோலுக்குரிய ஒப்பத்தைக் காட்டுவோன் செலவிடற்கு உரியது' என்ற நிபந்தனை மட்டுமே உண்டு. பையினுள் இருப்பது அவ்வொப்பத்தை இடுதற்கு வேண்டிய எண் ஒன்றே. ஆதலின் பணப்பை என்பதினும் திறவுகோற் கொத்து என்பதே தகுதி. ஆயினும் வழக்கு வென்றுவிட்டது.

அவ்வெண் மறைத்திறவுகோல் எனப்படும். 1 முதலாக 78 இலக்கங்கள் கொண்ட ஒரு பேரெண் வரையுள்ள எண்களுள் எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த ஒன்றே அது. அதனை வழங்கும் அதிகாரி எவருமில்லை. எங்கும் பதிவு செய்தலுமில்லை. ஒரு காசை 256 முறை சுண்டி, பூவும் தலையுமாக விழுந்தவாறே எழுதிக்கொண்டாலும் மறைத்திறவுகோல் ஒன்று கிடைத்துவிடும். இருவர் ஒரே எண்ணை எடுத்துவிடல் ஆகாதோ எனின், அவ்வெண்களின் தொகை 2இன் 256ஆம் வலுவிற்குச் சற்றே குறைந்தது. நேர்மையாகச் சுண்டிய இருவர் ஓரெண்ணில் ஒன்றுபடுதல் நடைமுறையில் நிகழாது. 'நேர்மையாக' என்ற அடைமொழியிலேதான் இடர் உளது. அது பின்னர் விளங்கும்.

மறைத்திறவுகோலிலிருந்து பொதுத்திறவுகோல் பிறக்கின்றது. மறையெழுத்துக் கலையிற் பன்னூற்றாண்டு காலம் பூட்டுவோனும் திறப்போனும் ஒரே திறவுகோலையே வைத்திருந்தனர். 1976இல் விற்பீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர், ஒன்றை மறைத்து மற்றொன்றை உலகறிய வெளியிடும் இரட்டைத் திறவுகோற் கருத்தை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் அதற்கொரு செயல்முறை கண்டனர். 1985இல் நீல் கோப்லிட்சும் விக்டர் மில்லரும், ஒருவரையொருவர் அறியாமலே, நீள்வளைய வளையிகளை இதற்குப் பயன்படுத்தலாம் என்றனர். பிட்கொயின் கைக்கொண்டது இவ்விறுதி முறையையே.

நீள்வளைய வளையி என்ற பெயர் அச்சுறுத்துவதாயினும், கருத்து உயர்தர வகுப்பு மாணவனுக்கு எட்டாததன்று. பிட்கொயினின் வளையியில், ஒரு புள்ளியின் நிலைக்குத்து ஆள்கூற்றின் வர்க்கம், அதன் கிடை ஆள்கூற்றின் கனத்தோடு 7ஐக் கூட்டியதற்குச் சமன். கணிப்பெல்லாம் ஒரு பெரும் முதன்மை எண்ணால் வகுத்த மீதியிலேயே நடைபெறும். விளக்கத்தின் பொருட்டு அப்பெரும் எண்ணுக்குப் பதிலாக 17ஐக் கொள்க. (1, 5) என்ற புள்ளி வளையியில் உள்ளது: 5இன் வர்க்கம் 25, 17ஆல் வகுக்க மீதி 8, 1இன் கனத்தோடு 7ஐக் கூட்டினாலும் 8. இப்புள்ளியில் தொடலி வரைந்து, அது வளையியை மீண்டும் வெட்டும் இடத்தைக் கண்டு, அதனைக் கிடையச்சிலே தெறிக்கச் செய்வதே 'இருமடங்காக்கல்'. விடை (2, 10). இது வெறும் இரண்டாற் பெருக்கிய விடை போலத் தோன்றும், அது தற்செயல். மும்மடங்கு (3, 15) ஆகும் என்று எதிர்பார்ப்போன் ஏமாறுவான். கணித்துப் பார்ப்பின் (5, 9) வரும். நான்மடங்கு (12, 1). மடங்கு ஒழுங்காக ஏற, புள்ளியோ ஒழுங்கின்றித் தாவுகின்றது. இத்தாவலே காப்பு. எத்தனையாம் மடங்கு என்று தெரிந்தவன், இருமடங்கின் இருமடங்காக ஏறி, ஏறத்தாழ ஐந்நூறு படிகளுள் பிட்கொயினின் உண்மையான வளையியில் விடைப்புள்ளியை அடைவான். புள்ளியை மட்டும் கண்டவன் எத்தனையாம் மடங்கு என்று அறியப் புகுந்தால், இன்று அறியப்பட்ட மிகச்சிறந்த வழியிலும் ஏறத்தாழ 2இன் 128ஆம் வலு அளவான படிகள் வேண்டும். அது 39 இலக்கங்கள் கொண்ட எண். மடங்கெண் மறைத்திறவுகோல், விடைப்புள்ளி பொதுத்திறவுகோல். பிறரிடம் கொடுக்கும் முகவரி பெரும்பாலும் இப்புள்ளியை மேலும் சுருக்கியெடுத்த வடிவமே. 1994இல் பீற்றர் ஷோர் வகுத்த முறைப்படி, போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி இத்தடையை உடைக்கவல்லது. அத்தகைய கணினி இன்றளவில் உருவாகவில்லை.

இனி ஒப்பமிடுதல். வங்கியிற் கொடுக்கும் காசோலையின் கையொப்பத்தை எழுதுவினைஞர் தம்மிடமுள்ள மாதிரி ஒப்பத்தோடு ஒப்பு நோக்குவர். நூறு காசோலைகளிலும் ஒப்பம் ஒரேவகையாக இருத்தலே அதன் தகுதி. ஆயின் அவ்வொப்பம் தான் எத்தொகைக்கு இடப்பட்டது என்பதனை அறியாது. நூறு ரூபாவை ஆயிரமாகத் திருத்தினும் ஒப்பம் அப்படியே நிற்கும். பிட்கொயின் ஒப்பமோ ஆவணத்தினின்றே பிறப்பது. கொடுக்கல் வாங்கல் விபரம் முழுவதும் ஒரு கணிப்பிற் செலுத்தப்பட்டுச் சுருக்கெண் ஒன்றாகின்றது. அச்சுருக்கெண்ணும் மறைத்திறவுகோலும் கலந்தே ஒப்பம் ஆகின்றது. ஒரு சத்தோசி கூடினாலும் குறைந்தாலும் பழைய ஒப்பம் செல்லாது. (ஒரு பிட்கொயின் பத்துக்கோடி சத்தோசி கொண்டது.) ஆகவே இங்கு ஒருவனின் ஒவ்வோர் ஒப்பமும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும்.

மறையைச் சொல்லாமலே மறையை அறிந்தமை காட்டுதல் எங்ஙனம் என்பதே இதன் அழகான பகுதி. ஜெர்மனிய அறிஞர் கிளவுஸ் ஷ்நோர் வகுத்ததும், 2021 நவம்பர் முதற் பிட்கொயினிற் செயற்படுவதுமான முறை எளிமையானது. முன்னைய வளையியை விடுத்து, 101ஆல் வகுத்த மீதியை மட்டும் கொண்டு ஒரு சிறு கணக்குச் செய்க. மறைத்திறவுகோல் 27 என்க. ஒப்பமிடுவோன் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எழுமாற்று எண்ணை எடுப்பான். அது ஒருமுறை எண். அது 40 என்க. ஆவணத்தின் சுருக்கெண் 5 ஆயின், ஐந்தை 27ஆற் பெருக்கி, 40ஐக் கூட்ட 175; 101ஆல் வகுக்க மீதி 74. இந்த 74ஐயும் ஒருமுறை எண்ணுக்குரிய புள்ளியையும் வெளியிட்டால் அதுவே ஒப்பம். சரிபார்ப்போன், 74ஆம் மடங்குப் புள்ளியும், ஒருமுறை எண்ணின் புள்ளியோடு பொதுத்திறவுகோலின் ஐந்து மடங்கைக் கூட்டிய புள்ளியும் ஒன்றாக உள்ளனவா என்று நோக்குவான். ஒன்றாயின் ஒப்பமிட்டவன் மறையறிந்தவனே. மறை எது என்பதோ வெளிப்படவில்லை. மறையை ம எனவும் ஒருமுறை எண்ணை ஒ எனவும் கொண்டால், வெளியுலகிற்குக் கிடைத்தது ஒ + 5ம = 74 என்ற ஒரு சமன்பாடு; தெரியாக் கணியங்களோ இரண்டு. ஒரு சமன்பாட்டால் இரண்டைத் தீர்த்தல் ஆகாது என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவனும் அறிவான்.

ஒப்பமிடுவோன் சோம்பலினால் மறுநாளும் அதே 40ஐப் பயன்படுத்துகின்றான் என்க. புதிய ஆவணத்தின் சுருக்கெண் 3. மூன்றை 27ஆற் பெருக்க 81, 40ஐக் கூட்ட 121, மீதி 20. இப்பொழுது ஒ + 3ம = 20 என்ற இரண்டாஞ் சமன்பாடும் வெளியே வந்துவிட்டது. ஒன்றினின்று மற்றதைக் கழிக்க 2ம = 54; ஆகவே ம = 27. மறைத்திறவுகோல் வெளிப்பட்டது. 39 இலக்கப் படிகள் வேண்டிய கோட்டை ஒரு கழித்தலாலும் ஒரு வகுத்தலாலும் விழுந்தது. பிட்கொயின் தொடக்கமுதற் கையாண்டு வரும் பழைய ஒப்பமுறை இதனினுஞ் சற்றுச் சிக்கலானதேனும், அதற்கும் இக்குறை உண்டு.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. 2010 டிசம்பரில் பெர்லின் நகரக் கூட்டமொன்றில், சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் 3 விளையாட்டுக் கருவியின் மென்பொருள்களில் இடப்பட்ட ஒப்பங்கள் எல்லாவற்றிலும் ஒருமுறை எண் மாறாமல் இருந்தமையை ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். அதனால் மறைத்திறவுகோலைக் கணித்தறிய முடிந்தது. 2013 ஓகஸ்டில், அண்ட்ரொயிட் கைப்பேசிகளின் எழுமாற்றெண் பிறப்பிக்கும் பகுதியிற் குறையிருந்தமை வெளிப்பட்டது. அங்குச் சில பிட்கொயின் பணப்பைகள் ஒரே ஒருமுறை எண்ணை மீண்டும் வழங்க, பேரேட்டைப் பார்த்துக் கொண்டிருந்தோர் கழித்து வகுத்துக் காசைக் கவர்ந்தனர். பேரேடு எவருக்கும் திறந்திருப்பதாகலின், தவறு செய்தவனைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. அதே ஆண்டிலே ஒருமுறை எண்ணை எழுமாற்றாக எடாமல், மறைத்திறவுகோலையும் ஆவணத்தையுஞ் சேர்த்துக் கணித்துப் பெறும் நெறி தாமஸ் போர்னின் என்பவரால் வகுக்கப்பெற்றது. ஆவணம் மாறினால் எண்ணும் தானே மாறும். இன்று செம்மையாக அமைந்த பணப்பைகள் இத்தகைய நெறியையே பின்பற்றுகின்றன.

மறைத்திறவுகோலைத் தெரிந்தெடுக்கும்போதும் இதே வகைக் குறை நேரும். எழுமாறு என்பதை மனிதமனம் செய்யவல்லதன்று. தனக்குப் பிடித்த வாக்கியத்தைச் சுருக்கெண்ணாக்கி அதனையே மறைத்திறவுகோலாகக் கொள்ளும் வழக்கம் பிட்கொயினின் தொடக்க ஆண்டுகளிற் பரவியிருந்தது. நினைவிலேயே செல்வத்தை வைத்திருக்கலாம் என்று அதனை மூளைப்பணப்பை என்றனர். புகழ்பெற்ற நூலடிகள், பாட்டு வரிகள், பழமொழிகள் ஆகியனவற்றைக் கோடிக்கணக்கிற் கணினியிற் செலுத்திப் பார்ப்பது எளிது என்பதை 2015இல் ஆய்வாளர் ஒருவர் செய்தே காட்டினார். திருக்குறளின் முதற் குறளையோ தான் நாளும் ஓதும் பதிகத்தின் முதலடியையோ மறையாகக் கொள்வோன், அது தனக்கு மட்டும் நெருங்கியது என்று கருதுதல் பேதைமை. மனிதனை விடுத்து இயந்திரத்தை நம்பினும் இடருண்டு. 2023இல் லிப்பிட்கொயின் என்னும் மென்பொருளின் ஒரு கட்டளை, 2இன் 256ஆம் வலுவிலிருந்து தெரிந்தெடுப்பதாகத் தோன்றினும், உண்மையில் 2இன் 32ஆம் வலு அளவான, அதாவது ஏறத்தாழ 430 கோடி வழிகளுள் ஒன்றையே தெரிந்தெடுத்தது என்பது புலனாயிற்று. 430 கோடி என்பது மனிதனுக்குப் பெரிது; கணினிக்கு அற்பம். அவ்வாண்டின் நடுப்பகுதியில் அப்பணப்பைகள் பல வெறுமையாக்கப்பட்டன. ஐயுறவுடையார் சூதாட்டக் காயை உருட்டியே எண்ணைப் பெறுவர். ஆறு முகக் காயை 50 முறை உருட்டினால் 128 பூவா தலையாவிற்குச் சற்றே மேற்பட்ட எழுமாறு கிடைக்கும்.

எண் நன்றாக அமைந்து, ஒப்பமுறையும் நன்றாக அமைந்தவிடத்தும், எதற்கு ஒப்பமிடப்படுகின்றது என்ற வினா எஞ்சுகின்றது. பேரேட்டில் 50,000 சத்தோசி ஒருவனுக்குரியதாக உள்ளது. அவன் கடைக்காரருக்கு 30,000 கொடுத்தல் வேண்டும். பேரேட்டுப் பதிவைப் பகுதியாகச் செலவிடல் இயலாது. முழுவதையும் செலவிட்டு, 30,000 கடைக்காரருக்கும் 19,000 தனக்கே மிச்சக்காசாகவும் என்று எழுதுவான். எஞ்சிய 1,000 பேரேட்டிற் பதிவோர்க்குக் கூலி. மிச்சக்காசுக்குரிய வரியை எழுத மறந்தால் 20,000மும் கூலியாகவே போய்விடும். திரும்பக் கேட்க இடமில்லை. பணப்பை மென்பொருள் இதனைத் தானே எழுதுகின்றது. ஆனால் அம்மென்பொருள் இருக்கும் கணினியிற் களவு மென்பொருள் புகுந்திருப்பின், கடைக்காரரின் முகவரிக்குப் பதிலாகக் கள்வனின் முகவரியை வைத்துவிடும். உரியவனே தன் கையால் ஒப்பமிடுவான். ஒப்பம் கணித முறைப்படி முற்றிலும் செவ்விதாக இருக்கும். பேரேடு ஒப்பத்தைப் பார்க்குமேயன்றி உள்ளக் கருத்தைப் பாராது.

இதன் பொருட்டே மறைத்திறவுகோலை வலையிணைப்புள்ள கணினியில் வையாது, ஒப்பமிடுதலன்றி வேறொன்றுஞ் செய்யாத சிறு கருவியில் வைக்கும் முறை தோன்றிற்று. செக் நாட்டில் உருவாகிய டிரெசோர் என்னும் கருவி 2014இல் விற்பனைக்கு வந்தது. பின்னர்ப் பல வந்தன. ஆவணம் கருவியினுட் செல்லும், ஒப்பம் வெளிவரும், மறைத்திறவுகோல் எக்காலும் வெளிவராது. கருவிக்கெனத் தனித்திரை உண்டு. அத்திரையின் பயனைப் பலர் உணர்வதில்லை. கணினித் திரையிற் கண்ட முகவரியையும் கருவித் திரையிற் கண்ட முகவரியையும் எழுத்தெழுத்தாக ஒப்பு நோக்காது பொத்தானை அழுத்துவோன், படியாத உறுதியிற் பெருவிரல் பதித்தவனே ஆவான். 2025 பெப்ரவரியில் பைபிட் என்னும் பரிமாற்ற நிலையத்தினின்று ஏறத்தாழ 150 கோடி டொலர் பெறுமதியான ஈதர் களவு போயிற்று. ஈதர் வேறொரு காசாயினும் பாடம் ஒன்றே. ஒப்பமிட உரியோர் பலர் கூடியே ஒப்பமிட்டனர். அவர்களின் திரையிலே தோன்றியது வழமையான கொடுக்கல் வாங்கல். ஒப்பம் விழுந்ததோ வேறொன்றின் மீது.

கருவி உடையும், தொலையும். ஆகவே மறையைக் கருவிக்கு வெளியேயும் எழுதி வைத்தல் வேண்டும். 78 இலக்கங்களைப் பிழையின்றி எழுதுவோர் அரியர். 2013இல் வகுக்கப்பெற்ற நெறியின்படி, 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலொன்றிலிருந்து 12 அல்லது 24 சொற்கள் வரிசையாக எடுக்கப்படும். அச்சொற்றொடரிலிருந்து எத்தனை திறவுகோல்களையும் கணித்தெடுக்கலாம். ஆகவே சொற்றொடரைக் காத்தாற் போதும். ஆங்கிலப் பட்டியலின் சொற்கள் முதல் நான்கு எழுத்துகளாலேயே தம்முள் வேறுபடும். இறுதிச் சொல்லில் ஒரு பகுதி பிழை காட்டும் குறியாக அமைந்தது. எனினும் பன்னிரு சொற்றொடரிற் பிழையான சொல்லொன்று பதினாறில் ஒருமுறை அக்குறியையுந் தப்பிவிடும். அந்நெறியோடு வெளியான பட்டியல்கள் ஆங்கிலம், யப்பானியம், கொரியம், சீனம், பிரெஞ்சு, இத்தாலியம், இசுப்பானியம், போர்த்துக்கேயம், செக் ஆகிய மொழிகளில் உள்ளன. தமிழ்ப் பட்டியல் அவற்றுள் இல்லை. ஆதலின் தமிழர் ஆங்கிலச் சொற்களையே எழுதி வைக்கின்றனர். அவற்றைத் தமிழெழுத்திற் பெயர்த்தெழுதுதல் தகாது. வல்லினத்தின் இருவகை ஒலியை நம் எழுத்து வேறுபடுத்துவதில்லை. எழுதியவன் காலஞ் சென்றபின் மூலச்சொல் எதுவென்று பிள்ளைகள் இடர்ப்படுவர்.

சொற்றொடரை எங்கே வைப்பது என்னும் இடத்தில் இரண்டு அச்சங்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஏட்டுச் சுவடிகளைக் கறையானிடமிருந்து காத்த முன்னோர், படியெடுத்துப் பெருக்கியே காத்தனர். பத்து ஊரிற் பத்துப் படிகள் இருப்பின் ஒன்றாவது பிழைக்கும். மறைச் சொற்றொடர்க்கு இவ்வழி அரைவழியே. படி பெருகப் பெருகத் தொலைவு குறையும், களவு கூடும். ஒரே படியாயின் களவு அரிது, தொலைதல் எளிது. கைப்பேசியாற் படம் பிடித்து வைத்தலும், மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிக் கொள்ளலும் படியை எண்ணற்றதாக்கும் செயல்கள். சொற்றொடரை எவன் கண்டானோ அவனும் உரியவனே. கடவுச்சொல் வெளிப்பட்டால் மாற்றிவிடலாம். இங்குப் பூட்டை மாற்றும் வழியில்லை. கள்வன் கை வைக்குமுன் காசைப் புதிய திறவுகோலுக்குரிய முகவரிக்கு மாற்றிவிடுதல் ஒன்றே செயலாகும்.

தொலைதலின் கொடுமைக்கு வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்து நிகழ்ச்சி நன்கறியப்பட்டது. ஏறத்தாழ 8,000 பிட்கொயினுக்குரிய மறைத்திறவுகோல் இருந்த வன்தட்டு ஒன்று, 2013இல் தவறுதலாக நகரசபையின் குப்பைமேட்டைச் சேர்ந்தது. உரியவர் மேட்டைத் தோண்ட இசைவு வேண்டிப் பல்லாண்டு முயன்றார்; 2025 சனவரியில் உயர் நீதிமன்றம் அவரது வழக்கை விசாரணைக்கு எடாமலே தள்ளிற்று. காணி உறுதி தொலைந்தவன் காணிப் பதிவகத்திற் படி பெறுவான்; காசோலைப் புத்தகம் தொலைந்தவன் வங்கிக்கு அறிவிப்பான். இவருக்கோ பேரேட்டிற் காசு இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றது, தொட வழியில்லை.

இச்சுமை வேண்டாவென்று காசைப் பரிமாற்ற நிலையங்களிடம் ஒப்படைப்போர் மிகப்பலர். அப்பொழுது மறைத்திறவுகோல் நிலையத்திற்கே உரியது; ஒப்படைத்தவனிடம் இருப்பது ஒரு வாக்குறுதி. சத்தோசி நகமோத்தோ வெளியே தள்ளிய நம்பிக்கை இவ்வழியாக மீண்டும் உள்ளே வருகின்றது. வங்கிக்குரிய கண்காணிப்பு மட்டும் கூடவே வருவதில்லை. தோக்கியோவின் மவுண்ட் கொக்ஸ் நிலையம் 2014 பெப்ரவரியில் நொடித்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்கொயின் காணாமற் போனதாக அறிவித்தது. அவற்றுள் ஏறத்தாழ 2,00,000 பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. கனடாவின் குவாட்ரிகா நிலையத்தை நடத்தியவர் 2018 டிசம்பரில் இறந்தபோது, திறவுகோல்கள் அவரோடு போயின என்று சொல்லப்பட்டது. 2020இல் ஒன்ராறியோப் பிணைப்பொருள் ஆணைக்குழு ஆராய்ந்து, இழப்பிற் பெரும்பகுதி அவர் செய்த மோசடியால் நேர்ந்தது என்று கண்டது. 'திறவுகோல் தொலைந்தது' என்பது வெளியார் சரிபார்க்கவொண்ணாத சாக்காகவும் பயன்படும் என்பது இதனாற் போதரும். இலங்கை மத்திய வங்கி 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் விடுத்த அறிவித்தல்களில், இத்தகைய காசுகள் ஒழுங்குமுறைக்கு உட்படாதவை என்று பொதுமக்களை எச்சரித்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

களவு, தொலைவு என்னும் இரண்டையும் ஒருங்கே குறைத்தற்கு மறையைப் பங்கிடுதல் ஒரு வழி. பிட்கொயின் பேரேட்டு நிபந்தனையை 'மூன்று திறவுகோல்களுள் எவையேனும் இரண்டின் ஒப்பம் வேண்டும்' என்று எழுதலாம். ஒன்று வீட்டிலும், ஒன்று வங்கிப் பெட்டகத்திலும், ஒன்று உடன்பிறந்தார் ஊரிலும் இருப்பின், கள்வன் ஒன்றைப் பெற்றும் பயனில்லை; உரியவன் ஒன்றை இழந்தும் கேடில்லை. கோவிற் பண்டகசாலையை இரு நம்பிக்கைப் பொறுப்பாளர் கூடியே திறக்கும் வழக்கத்தை ஒத்தது இது. சொற்றொடரையே இரண்டாகக் கிழித்து ஈரிடத்தில் வைத்தல் இதற்கு ஈடாகாது. பாதி தொலைந்தால் முழுதும் போயிற்று. பாதி கிடைத்தவனுக்கு மறுபாதியைத் தேடும் வேலை பெரிதும் குறைந்தது. ஷமீர் 1979இல் வகுத்த பங்கீட்டு முறையில் இக்குறையில்லை. அங்குப் போதிய பங்குகள் சேரும்வரை ஒரு பங்கு யாதொன்றையும் உணர்த்தாது. சொற்றொடரோடு தன் மனத்தில் மட்டும் உள்ள மேலுமொரு சொல்லைச் சேர்த்துக் கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அது கள்வனைத் தடுக்கும். ஆயின் அச்சொல்லைப் பிழையாக இட்டாற் பிழையென்று கருவி சொல்லாது. வெறுமையான வேறொரு பணப்பையைத் திறந்து காட்டும். உரியவன் இறந்தபின் மனைவி மக்கள் காண்பதும் அவ்வெறும் பையையே.

மரணத்தை எண்ணாது செய்த காப்பு குடும்பத்தாரிடமிருந்தே காத்ததாய் முடியும். மரண சாசனத்தில் சொற்றொடரை எழுதுதல் தகாது. சாசனம் பலர் கையிற் செல்வது. இன்ன கருவி உண்டு, எத்தனை திறவுகோல்கள், எவ்வெவ்விடத்தில் என்பவற்றை மட்டும் எளிய நடையில் எழுதிய கடிதமொன்றைச் சொற்றொடரினின்றும் வேறாக வைத்தல் வேண்டும். சொற்களை நெருப்பும் நீரும் எளிதில் தீண்டாத உருக்குத் தகட்டிற் பொறித்து வைப்போரும் உளர். எழுதியது சரியா என்பதை அறியும் காலம் காசு சேர்ந்தபின் அன்று. புதிய கருவியிற் சிறுதொகை ஒன்றை இட்டு, கருவியை முற்றாக அழித்து, தாளைப் பார்த்தே சொற்களை மீள இட்டு, பழைய முகவரியும் தொகையும் தோன்றுகின்றனவா என்று நோக்குதல் வேண்டும். குடும்பத்தில் மற்றொருவரையும் அருகிருத்தி, அவர் கையாலேயே இதனை ஒருமுறை செய்வித்தபின் பெருந்தொகையை அதில் வைக்கலாம்.